மோட்டார் சைக்கிள் வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்போம்

தோட்டத்து வாழ்க்கையில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்லவும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடவும், நோயுற்ற தாயைப் பட்டணத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அதுவே நமக்குத் துணை. பல குடும்பங்கள் முதன்முதலில் பெருங்கடன் ஏற்பதும் அதன் பொருட்டே. ஆகவே, வண்டியை வாங்குமுன் ஒன்றுக்கு நான்காக ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமையாகும்.

அண்மை ஆண்டுகளில், ‘அட்வெஞ்சர்’ எனப்படும் உயரமான நெடும்பயண வண்டிகள் நம் இளைஞர்களின் மனத்தைப் பெரிதும் கவர்ந்துள்ளன. தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண்சாலையிலும் ஓடத்தக்கவாறு அமைக்கப்பட்டவை இவை. 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட ‘ஆர்80 ஜி/எஸ்’ என்னும் வண்டியே இவ்வகைக்கு முன்னோடி. ‘ஜி’ கரட்டு நிலத்தையும், ‘எஸ்’ சாலையையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளாம். இன்று 250 சி.சி. முதல் 700 சி.சி. வரை இவ்வகையில் பல வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. விளம்பரம் மலையுச்சியில் நிற்கும் வண்டியைக் காட்டும். மாதக் கடைசியைக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தாம்.

பாடம் தெளிவாக விளங்குவதற்காக, இளைஞர் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். அவர் உயரம் 163 செண்டிமீட்டர். கையில் ‘பி2’ உரிமம் வைத்திருக்கிறார். நாள்தோறும் செம்மண் சாலையில் சென்று வருகிறார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைக் கடந்து கிளந்தானைக் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு ஏற்ற வண்டி எது?

உரிமமே முதற்கேள்வி

பி2 உரிமம் பெற்றவர் 250 சி.சி. வரையிலான வண்டியையே ஓட்டலாம். காவாசாகி ‘வெர்சிஸ்-எக்ஸ் 250’ என்னும் வண்டியின் எந்திரம் 249 சி.சி.; அஃது இந்த வரம்புக்குள் அடங்கும். ராயல் என்பீல்டு ‘ஹிமாலயன்’ 2016-இல் வெளிவந்தபோது அதன் எந்திரம் 411 சி.சி.; ஹோண்டா ‘சி.பி.500எக்ஸ்’ 471 சி.சி.; சுசுகி ‘வி-ஸ்ட்ரோம் 650’ வண்டியோ 645 சி.சி. இவற்றை ஓட்ட உயர்வகுப்பு உரிமம் வேண்டும். உரிய உரிமமின்றி ஓட்டுவது குற்றம் என்பதோடு, விபத்து நேருமாயின் காப்புறுதி இழப்பீடும் மறுக்கப்படலாம். எனவே, உரிமப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

காலும் தோளும் சொல்வதென்ன?

அடுத்து நோக்க வேண்டியது இருக்கையின் உயரம். 411 சி.சி. ஹிமாலயனின் இருக்கை தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. வி-ஸ்ட்ரோம் 650 வண்டியில் அது 835 மில்லிமீட்டர். யமஹா ‘தெனேரே 700’ வண்டியில் 875 மில்லிமீட்டர். முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு 75 மில்லிமீட்டர், அதாவது சுமார் மூன்று அங்குலம். தாளில் இது சிறிதாகவே தோன்றும். மழை பெய்து சறுக்கும் செம்மண் மேட்டில், பின்னால் மனைவியும் அமர்ந்திருக்க, வண்டியை நிறுத்திக் கால் ஊன்ற முற்படும்போதுதான் அந்த மூன்று அங்குலத்தின் பொருள் விளங்கும்.

எடையும் அவ்வாறே. நாம் அன்றாடம் ஓட்டும் சிறிய ‘கப்சாய்’ வண்டி ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது. ஹிமாலயனும் தெனேரேயும் ஏறத்தாழ 200 கிலோ. வி-ஸ்ட்ரோம் 650 அதற்கும் மேல். ஓடும்போது எடை தெரிவதில்லை. நிற்கும்போதும் விழும்போதும்தான் தெரியும். ஆகவே, கடையில் வண்டியின்மீது ஏறி அமர்ந்து மகிழ்வது மட்டும் போதாது. காலணியோடு அமர்ந்து இரு பாதங்களும் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள். எந்திரத்தை அணைத்துவிட்டு, வண்டியைப் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தோள் தயங்குமாயின், அந்தத் தயக்கத்தை மதித்தல் நன்று.

சக்கரம் சாலையைச் சொல்லும்

ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் இவ்வகை வண்டிகள் யாவும் ஒரே வேலைக்கு ஏற்றவையல்ல. முன்சக்கரத்தைப் பார்த்தாலே வண்டியின் இயல்பு தெரிந்துவிடும். ஹிமாலயனுக்கும் தெனேரேவுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் குழிகளையும் வேர்களையும் எளிதாக ஏறிக் கடக்கும். காவாசாகி ‘வெர்சிஸ் 650’ வண்டியின் முன்சக்கரம் 17 அங்குலம். அது தார்ச்சாலையில் விரைவாகவும் இலகுவாகவும் திரும்பும். 2019 முதல் வந்த சி.பி.500எக்ஸ், வி-ஸ்ட்ரோம் 650 ஆகியவற்றுக்கு 19 அங்குலம்; இவை இரண்டுக்கும் இடைப்பட்டவை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி ஹிமாலயனில் 220 மில்லிமீட்டர். வெர்சிஸ் 650 வண்டியில் 170 மில்லிமீட்டர் அளவே. கல் மேடுகள் நிறைந்த பாதையில் இந்த வேறுபாடு எந்திரத்தின் அடிப்பாகத்தையே காக்கும்.

டயரையும் கவனிக்க வேண்டும். கம்பிச் சக்கரம் கொண்ட 411 சி.சி. ஹிமாலயனின் டயருக்குள் டியூப் உண்டு. ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றியே ஒட்ட வேண்டும். டியூப் இல்லாத டயராயின், வழியிலேயே துளையை அடைத்துப் பயணத்தைத் தொடரலாம். ஆனால், வார்ப்புச் சக்கரம் கல்லில் மோதிப் பிளந்தால் சீர்செய்வது கடினம். கம்பிச் சக்கரம் வளைந்தாலும் திருத்திக்கொள்ளலாம். ஒன்றில் நன்மை மிகுந்தால் மற்றொன்றில் குறை இருக்கும் என்பதே ஒப்பீட்டின் அடிப்படை உண்மை.

குதிரைத்திறன் மட்டும் போதாது

“எத்தனை குதிரைத்திறன்?” என்பதே இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி. 411 சி.சி. ஹிமாலயனின் திறன் சுமார் 24 மட்டுமே. வி-ஸ்ட்ரோம் 650 ஏறத்தாழ 70 குதிரைத்திறன் கொண்டது. நெடுஞ்சாலையில் இருவர் அமர்ந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு முன்னது திணறும். பின்னது இலகுவாகச் செல்லும். ஆனால், அச்சிடப்பட்ட குதிரைத்திறன் எந்திரம் மிக விரைவாகச் சுழலும்போது கிடைப்பது. தோட்டத்துப் பாதையில் நமக்குத் தேவைப்படுவதோ மெதுவாகச் செல்லும்போதும் மேட்டில் ஏற்றிவிடும் இழுவிசையாகும். அதனை ஹிமாலயன் குறைந்த சுழற்சியிலேயே தருகிறது. எந்தச் சாலையில் அதிக நாள் ஓடப்போகிறோம் என்பதை நாம் முடிவு செய்யாதவரை, எந்த எண்ணும் நமக்கு வழிகாட்டாது.

பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவையும் கேட்டறிய வேண்டும். வெர்சிஸ் 650 வண்டியில் 21 லிட்டரும், தெனேரேவில் 16 லிட்டரும் பிடிக்கும். 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, காட்டினூடே செல்வது. காட்டு யானைகள் குறுக்கிடும் இடமும் ஆகும். அத்தகைய வழியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்படுதலே அறிவுடைமை.

நிறுத்தும் ஆற்றலை மறக்கலாகாது. திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காப்பது ‘ஏ.பி.எஸ்.’ எனப்படும் அமைப்பு. 1988-இல் பி.எம்.டபிள்யூ ‘கே100’ வண்டியில் வந்த இவ்வமைப்பு, இன்று பரவலாகிவிட்டது. பழைய வண்டி வாங்குவோர், அஃது இரு சக்கரங்களுக்கும் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

கடைசித் தவணை வரை கணக்கிடுவோம்

இனிப் பணத்தைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, வண்டியின் விலை 20,000 ரிங்கிட் என்றும், முன்பணம் 2,000 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சிய 18,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி, தொடக்கத்திலேயே முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுவதாகக் கொள்வோம். 5 ஆண்டுகளுக்கு வட்டி 4,500 ரிங்கிட். மாதத் தவணை 375 ரிங்கிட். 3 ஆண்டுகளாயின் வட்டி 2,700 ரிங்கிட். மாதத் தவணை 575 ரிங்கிட். தவணை குறைந்தால் மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால், அந்த மகிழ்ச்சிக்கு நாம் 1,800 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறோம். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 ரிங்கிட்டில் 375 ரிங்கிட் என்பது ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல். எஞ்சியதில்தான் அரிசியும் பள்ளிச் செலவும் பெட்ரோலும் அடங்க வேண்டும்.

வட்டி கணக்கிடும் முறை எதுவாயினும், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?” 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், ஒப்பந்தத்துக்கு முன்னரே விலையையும் வட்டியையும் தவணைகளையும் எழுத்து மூலம் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குடும்பத்தாரோடு படித்துப் பாருங்கள். நிரப்பப்படாத படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். கடைசித் தவணை தீரும்வரை வண்டியின் உரிமை நம்முடையதன்று என்பதும் நினைவிருக்கட்டும்.

டயர், சங்கிலி, எண்ணெய் ஆகியவற்றின் செலவையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அருகிலுள்ள பட்டணத்தில் அவ்வண்டியைப் பழுதுபார்ப்போர் உண்டா? உதிரிப்பாகம் வர எத்தனை நாளாகும்? வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வேலைக்குச் செல்ல வழியில்லையெனில், அந்நாளின் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் இளைஞருக்கு விடை கிடைத்துவிடும். 700 சி.சி. வண்டி அவருடைய உரிமத்துக்கும் காலுக்கும் சம்பளத்துக்கும் ஒவ்வாது. 250 சி.சி. வண்டி உரிமத்துக்குப் பொருந்தும். தவணைக் கணக்கும் பொருந்தினால் வாங்கலாம். அதுவும் பொருந்தாவிடில், இப்போதைய சிறிய வண்டியையே செம்மையாகப் பேணி, தவணைக்குப் போகும் பணத்தைச் சேமித்து வரலாம். நல்ல டயரும் தலைக்கவசமும் நிதானமும் இருந்தால், கிளந்தானுக்குச் சிறிய வண்டியும் சென்று திரும்பும். சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

ஆசைப்படுவது தவறன்று. ஆயினும், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கடைசித் தவணை முடிந்த பின்னரும் நம் வீட்டு வாசலில் நிற்பதும், நாள்தோறும் நம்மை நலமாக வீடு சேர்ப்பதுமான வண்டியே சிறந்த வண்டியாகும். அதனைத் தேர்ந்தெடுக்கும் அறிவு, கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து உட்காருவதில் தொடங்குகிறது.