சைல்ட் சப்போர்ட்: கால்குலேட்டரை நீங்களே எடுங்கள்

நியூயார்க்கில் வேலை, நல்ல பேக்கேஜ், கூடவே விவாகரத்து வழக்கு. இந்த நிலையில் இருப்பவர்கள் புலம்பலைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஏற்கெனவே போட்டு வைத்திருப்பார்.

1. டேக் ஹோமை மறந்துவிடுங்கள். கோர்ட் பார்ப்பது மொத்த வருமானத்தை. அதிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கழியும். நியூயார்க் நகரவாசி என்றால் நகர வருமான வரியும் கழியும். ஃபெடரல் இன்கம் டாக்ஸ் கழியாது. "கைக்கு வருவதே இவ்வளவுதான்" என்ற வாதம் அங்கே எடுபடாது. 401கே-யில் கூடுதலாகப் போட்டால் வருமானம் குறைந்து தெரியும் என்று லஞ்ச் டேபிளில் யாராவது ஐடியா கொடுப்பார்கள். கேட்காதீர்கள். நீங்களாக விரும்பித் தள்ளிவைத்த பணமும் வருமானக் கணக்கில் சேரும். கம்பெனி கார் போன்ற சலுகைகளுக்கும் விலை போட்டுச் சேர்க்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

2. சதவீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். பெற்றோர் இருவரின் வருமானத்தையும் கூட்டி, ஒரு குழந்தைக்கு 17, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 29, நான்குக்கு 31, அதற்கு மேல் குறைந்தது 35 சதவீதம்.

கழிவுகள் போக உங்கள் வருமானம் 1 லட்சம் டாலர், முன்னாள் துணையின் வருமானம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை, அது அவரோடு இருக்கிறது. கூட்டுத்தொகை 1,60,000. அதில் 17 சதவீதம் 27,200. கூட்டு வருமானத்தில் உங்கள் பங்கு 62.5 சதவீதம். ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டியது வருடத்துக்கு 17,000 டாலர், மாதம் சுமார் 1,417.

கவனித்தீர்களா? அது உங்கள் சொந்த வருமானத்தின் 17 சதவீதமேதான். அப்படியானால் அவருடைய சம்பளத்தைத் தோண்டித் துருவுவது எதற்கு? இரண்டு இடங்களில் அது பணம். ஒன்று, உச்சவரம்பு. 2024 மார்ச்சில் அது 1,83,000 டாலர் ஆனது; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும், நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டு வருமானம் அதைத் தாண்டினால், மிஞ்சிய பகுதிக்கு இதே சதவீதம் தானாக ஓடாது. எவ்வளவு என்பதை கோர்ட் முடிவு செய்யும். பேச்சுவார்த்தைக்கு இடம் அங்கேதான். இன்னொன்று, டே கேர், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் செலவுகள். இவை அடிப்படைத் தொகைக்கு வெளியே, இதே பங்கு விகிதத்தில் பிரியும். மாதம் 1,600 டாலர் டே கேர் என்றால் உங்கள் பங்கு 1,000. டே கேருக்கு இந்த விலை அங்கே சர்வசாதாரணம்.

3. பேப்பரைத் தயாராக வைத்திருங்கள். டாக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2, சமீபத்திய பே ஸ்டப். வருமானத்தை மறைத்தால், குழந்தையின் தேவை, வாழ்க்கைத்தரம் இரண்டில் எது அதிகமோ அதை வைத்துத் தொகை விதிக்கலாம். மறைத்தவருக்குத்தான் நஷ்டம்.

4. சம்பளப் பிடித்தத்தை மானப் பிரச்சினை ஆக்காதீர்கள். ஆர்டர் நேரே பேரோலுக்குப் போகும். அவர்களுக்கு இது தினசரிக் காகிதம். இதற்காக உங்களை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம்.

5. வேலையை விட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே வருமானத்தைக் குறைத்ததாகப் பட்டால் பழைய சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுவார்கள்.

நிஜமாகவே லே-ஆஃப் ஆனால்? தகுதிக்கேற்ற வேலையை விடாமல் தேடியதற்கு ஆதாரம் கேட்பார்கள். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு அப்ளை செய்தீர்கள், இன்டர்வியூ, ரிஜெக்ஷன் மெயில் எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஏறட்டும். ரெக்ரூட்டரிடம் போனில் பேசினாலும் பின்னால் ஒரு மெயில் போட்டு வையுங்கள். வருமானம் 15 சதவீதம் குறைந்தாலே தொகையை மாற்றக் கேட்கலாம். ஆர்டரில் இந்த உரிமையை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் தொகை குறைந்தாலும், மனு போட்ட தேதிக்கு முந்தைய பாக்கி ஒரு டாலர்கூடத் தள்ளுபடி ஆகாது. அடுத்த மாதம் ஆஃபர் வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். செவரன்ஸ் லெட்டர் கைக்கு வந்த வாரமே ஃபேமிலி கோர்ட்டில் மனுவைப் போட்டுவிடுங்கள்.

நான்கு மாதத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் டிரைவிங் லைசென்ஸ் போகலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் கிடைக்காது.