டிவிடிப் படங்களுக்கு ஏற்ற பிளேயர்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் மாசி மகத் தீர்த்தவாரியையோ வீட்டுத் திருமணத்தையோ பதிந்த பழைய டிவிடிகளைக் கணினிக்கு மாற்றி, வைஃபை வழியே கூடத்துத் தொலைக்காட்சியில் காண விரும்புவோர், பிளேயர் வாங்குமுன் பார்க்க வேண்டியது விலையை அன்று. அது விஓபி கோப்புகளை, அதாவது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படமும் ஒலியும் சேர்ந்து 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக உள்ளவற்றை, ஏற்கிறதா என்பதையே. தொலைக்காட்சிகள் பலவும் இவற்றை ஏற்பதில்லை. ஏற்பவற்றிலும் துண்டு மாறும் இடத்தில், தாலி கட்டும் நேரமாகப் பார்த்து, படம் நின்றுவிடுவதுண்டு. பல பிளேயர்களில் நிறுவக்கூடிய ‘கோடி’ என்னும் இலவசச் செயலி டிவிடியின் முழுக் கோப்புறையையும் ஒரே படமாக இயக்குவதோடு, அசைவின்போது உருவங்களின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிரியும் குறையை நீக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியும் கொண்டது. டிவிடியின் தரவு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மெகாபிட்டைத் தாண்டாததால் சாதாரண வைஃபையே போதும். தடித்த சுவர்கள் குறுக்கிட்டால் மட்டும் லேன் கேபிள் நல்லது.