மொட்டைமாடிக்கு எந்த நிறப் பூ?

தை மாதம் வாங்கிய ஓசூர் ரோஜா, ரத்தச் சிவப்பு. சித்திரையில் அதே செடி என் மாடியில் சோகை பிடித்தது போல வெளிறிப் பூத்தது. ஏமாற்றிவிட்டார் என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்கே போனேன். "கார்த்திகை வரைக்கும் பொறுங்க சார்" என்றார். கார்த்திகையில் சிவப்பு திரும்பியது.

ரோஜாவின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. மொட்டு முதிரும் நாட்களில் இதழுக்குள் ஊறுவது. வெளிச்சம் அதைக் கூட்டும். வெக்கையோ ஊறுவதைக் குறைத்து, ஊறியதையும் சிதைக்கும். ஓசூரின் குளிர்ந்த இரவு சென்னைக்கோ மதுரைக்கோ வாய்க்காது. நிழலுக்கு நகர்த்தினால் வெக்கையோடு வெளிச்சமும் போய்விடும். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு மூலைதான் நல்ல இடம். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை கொழிக்கும், நிறம் மங்கும். ரோஜாதான் வேண்டும் என்றால் பன்னீர் ரோஜா வையுங்கள். அது வெளிறினாலும் பெரிதாகத் தெரியாது.

மஞ்சளும் ஆரஞ்சும் வேறு கதை. செண்டுமல்லியின் நிறம் கரோட்டினாய்டு வகை, வெயிலுக்கு அசையாது. முட்டைக்கரு மஞ்சளாக இருக்கக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதும் இந்தப் பூவின் சாறுதான். ஆனால் சாமந்தியில் மஞ்சளை எடுங்கள். ரோஸ் நிறச் சாமந்திக்கு ரோஜாவின் வியாதி உண்டு.

கத்திரி வெயிலிலும் அடர்நிறம் கேட்பவர்களுக்கு என் ஓட்டு காகிதப்பூவுக்கு. அதன் நிறமி பீட்டாலெய்ன், பீட்ரூட்டைச் சிவக்க வைக்கும் அதே குடும்பம். வாடாமல்லி, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ் எல்லாம் இந்தக் கட்சி. (காகிதப்பூவில் நாம் இதழ் என்பது உண்மையில் நிறம் மாறிய இலை, பூ நடுவில் உள்ள வெள்ளைப் பொட்டு.) முழு வெயிலில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். நிழலில் வைத்தால் வெறும் பச்சைதான் மிஞ்சும்.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு மட்டும் ஹைட்ராஞ்சியா. அமில மண்ணில் வேர் அலுமினியத்தை உறிஞ்ச, பூ நீலமாகும். மண்ணின் கார-அமில எண் (pH) 5.5க்குக் கீழே நீலம், 6.5க்கு மேலே ரோஸ். மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் நீலம் போய்விடும். சமவெளியில் இதை முயல வேண்டாம்.

சிவப்பு ரோஜாவை விட மனமில்லையா? சித்திரையில் நர்சரிக்குப் போங்கள். உங்கள் ஊருக்கு வந்து இரண்டு மாதமாவது ஆன செடி எது என்று கேளுங்கள். அந்த வெயிலில் அது பூத்திருக்கும் நிறம் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.