வடிசாலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு: ஆதாயமும் கடமையும்

மாட்டுச் சாணியிலிருந்து எரிவாயு எடுத்து அடுப்பெரிக்கும் முறையை நம் கிராமத்தவர் பலர் அறிவர். அதே முறை மதுசார வடிசாலைகளிலும் பெரிய அளவில் கைக்கொள்ளப்படுகின்றது. சீனி ஆலையில் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து வடித்தால் எதனோல் கிடைக்கும். ஒரு லீற்றர் எதனோல் வடிக்கும்போது 8 முதல் 15 லீற்றர் வரை கழிவுநீர் வெளியேறும். அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியாவின் வடிசாலைகள் பல தசாப்தங்களாக விடை தேடி வந்துள்ளன. அந்த அனுபவத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இது எத்தகைய கழிவு?

வடிகலத்தை விட்டு வெளிவரும் இந்நீர் கொதிக்கும் சூடும், கடும் கபில நிறமும், புளிப்புத் தன்மையும் உடையது. இதில் நஞ்சு கலக்கப்படவில்லை. ஆயினும் சேதனப் பொருள் மிகுந்திருப்பதே இதன் ஆபத்து. ஆற்றிலோ குளத்திலோ இது விழுந்தால், அங்குள்ள நுண்ணங்கிகள் அப்பொருளை உண்டு பெருகி, நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி இறக்கும்.

இந்த ஆபத்தின் அளவை 'இரசாயன ஒட்சிசன் தேவை' என்னும் கணக்கால் அளப்பர். வீட்டுக் கழிவுநீரில் அது லீற்றருக்கு 500 மில்லிகிராம் அளவில் இருக்கும். மொலாசஸ் வடிசாலைக் கழிவுநீரிலோ அது 100,000 மில்லிகிராம் அளவில் உள்ளது. அதாவது இருநூறு மடங்கு.

தாங்கிக்குள் நடப்பது

கழிவுநீரைச் சற்று ஆறவைத்து, காற்றுப் புகாத பெரிய தாங்கிக்குள் செலுத்துவர். அங்கே நுண்ணங்கிகள் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கின்றன. முதற் குழு பெரிய மூலக்கூறுகளைச் சிறியனவாக உடைக்கின்றது. அடுத்தது அவற்றை அமிலங்களாக மாற்றுகின்றது. மூன்றாவது அவ்வமிலங்களை அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் ஆக்குகின்றது. இறுதிக் குழுவே இவற்றிலிருந்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றது.

1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காட்சே லெற்றிங்காவும் அவரது குழுவினரும் இம்முறையை மேலும் திருத்தினர். கழிவுநீரைத் தாங்கியின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தி, நுண்ணங்கிகள் செறிந்த சேற்றுப் படுக்கையினூடாகப் பாயவிடுவது அவர்கள் கண்ட வழி. இதனால் சிறிய தாங்கியே கூடிய வேலையைச் செய்ய முடிந்தது.

கிடைக்கும் பயன்

ஒரு கனமீற்றர் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 30 கனமீற்றர் வாயு பெறலாம். அதில் 55 முதல் 65 வீதம் மெதேன்; மீதியிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. வெப்பத்தைக் கொண்டு பார்த்தால், நாம் வீட்டில் பயன்படுத்தும் 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டர் ஒன்றுக்கு இது ஏறக்குறைய சமமாகும். சாணியிலிருந்து இவ்வளவு வாயு எடுக்க ஏறத்தாழ 750 கிலோ சாணி வேண்டும்!

நாளொன்றுக்கு 30,000 லீற்றர் எதனோல் வடிக்கும் ஆலையொன்றை எண்ணிப் பாருங்கள். லீற்றருக்கு 12 லீற்றர் கழிவுநீர் எனக் கொண்டால் 360 கனமீற்றர் கழிவுநீரும், அதிலிருந்து 10,000 கனமீற்றருக்கு மேற்பட்ட வாயுவும் தினமும் கிடைக்கும். கொதிகலனுக்கு வேண்டிய எரிபொருளில் பெரும் பகுதியை அது மிச்சப்படுத்தும்.

இன்னொரு நன்மையும் உண்டு. இதே கழிவுநீரைத் திறந்த குட்டைகளில் தேக்கி வைத்தாலும் மெதேன் உண்டாகவே செய்யும். ஆனால் அது துர்நாற்றத்தோடு வானத்துக்குப் போய்விடும். பூமியைச் சூடாக்குவதில் மெதேன், நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலியது.

கவனிக்க வேண்டியவை

மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகள் மெதுவாகப் பெருகுபவை, மாற்றத்தைத் தாங்காதவை. ஆகவே சாணிக் கரைசலோ, இயங்கும் வேறு தாங்கியொன்றின் சேறோ இட்டுத் தொடங்கி, கழிவுநீரைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இதற்குச் சில மாதங்கள் செல்லலாம். அவசரப்பட்டு அதிகம் ஊற்றினால் அமிலம் தேங்கித் தாங்கி புளித்துவிடும், வாயு குறையும். அப்போது ஊற்றுவதை நிறுத்தி, சுண்ணாம்பு போன்றவற்றால் புளிப்பைத் தணிக்க வேண்டும்.

கழிவிலுள்ள சல்பேற்று, ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவாக மாறும். அது இயந்திரங்களை அரிக்கும், மனிதரையும் கொல்லும். செறிவு கூடும்போது மூக்கின் மணம் அறியும் சக்தி மரத்துவிடும். எனவே மணமில்லை என்று நம்பி எவரும் தாங்கிக்குள் இறங்கக் கூடாது.

வாயு எடுத்த பின் எஞ்சுவது

இப்பாடத்தின் முக்கிய பகுதி இதுவே. தாங்கி நன்றாக இயங்கினால் ஒட்சிசன் தேவையில் 65 வீதம் அளவு குறையும். கேட்க நல்ல செய்திதான். ஆனால் 100,000 மில்லிகிராமில் எஞ்சியிருப்பது 35,000 அல்லவா? உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்கு இலங்கைச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 250 மில்லிகிராம். எஞ்சிய நீர் அதைப்போல் 140 மடங்கு!

அதன் கபில நிறமும் எளிதிற் போகாது. பொற்றாசியமும் உப்புக்களும் அப்படியே இருக்கும். அளவறிந்து கரும்பு வயலுக்கு இட்டால் பொற்றாசியம் பசளையாகும். அளவு மீறினால் மண் உவராகும்; நிலத்தடி நீர் நிறம் மாறும். கிணற்று நீரை நம்பியிருக்கும் ஏழைகளே முதலில் பாதிக்கப்படுவர்.

இதனால்தான் 2003ஆம் ஆண்டின் சுற்றாடற் பொறுப்புச் சாசனத்தின் மூலம், 2005 இறுதிக்குள் கழிவுநீர் முழுவதையும் நீர்நிலைகளில் விடாது பயன்படுத்தி முடிக்கும்படி இந்திய அரசு வடிசாலைகளுக்குக் காலவரையறை விதித்தது. எஞ்சிய நீரைச் சீனி ஆலை மண்டியோடு கலந்து கூட்டெரு செய்வது, நீரை ஆவியாக்கிச் சுண்டியதைக் கொதிகலனில் எரிப்பது என்பன அங்கே கைக்கொள்ளப்படும் வழிகள். இவற்றுக்குச் செலவு உண்டு. வாயுவைப் போல் உடனடி இலாபம் இல்லை. ஆகவே வாயுவை எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டிக்கழிக்கும் சோதனை எப்போதும் இருக்கும்.

நமது பங்கு

நம் நாட்டிலும் பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகளோடு மதுசாரம் வடிக்கும் பிரிவுகள் உண்டு. தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைகளும் உள்ளன. எங்கு ஆலை அமைந்தாலும் அயலவர் கேட்க வேண்டிய கேள்வி, "வாயு எடுக்கிறீர்களா?" என்பது மட்டுமன்று, "எடுத்த பின் அந்த நீர் எங்கே போகின்றது?" என்பதுமாகும்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின்னும் மீதித் துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் இயேசு. பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதும் அத்தகைய சேகரிப்பே. ஆனால் கடைசித் துண்டுவரை சேர்த்தால்தான் அப்பணி நிறைவுறும்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் ஊரிலுள்ள ஆலைகளின் கழிவுநீர் எங்கே செல்கின்றது? அதை யார் பரிசோதிக்கின்றனர்?

2. ஆலைக்கு அருகேயுள்ள கிணறுகளின் நிறம், மணம், சுவை ஆகியவற்றை உங்கள் சங்கம் மாதந்தோறும் குறித்து வைக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

3. சிலருக்கு வேலையும் எல்லோருக்கும் நல்ல நீரும் ஒருங்கே கிடைக்க, ஆலை நிருவாகத்திடம் நாம் எவற்றைக் கேட்க வேண்டும்?