பாசிக்கு இரை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியில் பச்சை முடிப்பாசி அடங்கவே இல்லை. சோதித்தால் பாஸ்பேட் பூஜ்யம் என்கிறது. மருந்து ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சோதனை, நீரில் மிஞ்சியதை மட்டுமே காட்டும். வந்ததையெல்லாம் பாசியே உறிஞ்சிவிட்டால் பூஜ்யம்தானே தெரியும்? மருந்தில் செத்த பாசி அழுகும்போது அது உறிஞ்சிய சத்து நீருக்கே திரும்பும். ஆக்சிஜன் குறைந்து மீனும் தவிக்கும். கையால் பிடுங்கினால் சத்தும் சேர்ந்தே வெளியேறும். பிறகு சத்தின் வரத்தைக் குறையுங்கள்: குழாய்நீரைத் தவிர்த்து ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரையுங்கள், உறைந்த இரை உருகிய நீரை வடித்துவிடுங்கள். விளக்கைக் குறைத்தால் போதாதா என்பீர்கள். இருட்டு பாசியைத் தளர்த்தும், தொட்டியில் பவளம் இருந்தால் அதையும் தளர்த்தும். சத்து அப்படியே கிடக்கும். அதற்காகச் சத்தை ஒரேயடியாகத் துடைத்தெடுக்கவும் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அற்றுப்போன தொட்டிகளில் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் பழுப்புக் கோழையாகப் படர்வதுண்டு. அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடக் கடினம். பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம்வரை இருக்கட்டும்.