மெல்லச் செல்லும் மிதிவண்டி

பொங்கல் திருநாளையொட்டி நம் சிற்றூர்களில் நடைபெறும் விளையாட்டுகளுள் ஒன்று காண்போர்க்கு நகைப்பை விளைவிப்பது. பிற பந்தயங்களில் விரைந்து செல்வோனுக்கே பரிசு உண்டு. இப்பந்தயத்திலோ எல்லைக்கோட்டை இறுதியாக வந்து அடைபவனே வெற்றி பெற்றவன் ஆவான். சுண்ணாம்புக் கோடுகளால் தனித்தனி வழி வகுத்து, மிதிவண்டிகளை வரிசையாக நிறுத்துவர். சீழ்க்கை ஒலித்ததும் யாவரும் புறப்படல் வேண்டும். கால் தரையில் படலாகாது. வண்டி கோட்டைத் தாண்டலாகாது. சிறிது நேரத்திற்குள் பலர் வெளியேறி விடுவர். ஊரிலேயே விரைவாக வண்டி செலுத்துபவன் எனப் பெயரெடுத்த இளைஞன் முதலில் கால் ஊன்றுவதும், நாள்தோறும் பாற்குடங்களைக் கட்டிக்கொண்டு செல்லும் முதியவர் ஒருவர் நிற்கிறாரோ நகர்கிறாரோ எனத் தெரியாவண்ணம் ஊர்ந்து வந்து பரிசைத் தட்டிச் செல்வதும் உண்டு. கூட்டம் சிரித்துக் கைதட்டும். அம்முதியவரிடம் உள்ள திறமை எத்தகையது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலையுச்சியிலிருந்து மிதிவண்டியில் பாய்ந்து இறங்கும் வீரர்கள் முதலில் கற்பது அத்திறமையையே ஆகும்.

மலைச்சரிவில் மிதிவண்டி செலுத்துதல் உலக நாடுகளில் இன்று பெரியதொரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. அதன் தோற்றம் எளியது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பேர்பாக்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகிலுள்ள மலையில், தீயணைப்போர் செல்வதற்காக வெட்டிய மண்பாதை ஒன்றில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இளைஞர் சிலர் கூடிப் பந்தயம் நடத்தினர். ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 400 மீட்டர் அளவு கீழிறங்குவது. அவர்கள் கொண்டு வந்தவை பழைய பருத்த டயர் வண்டிகள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்திற்குள்ளே பிடிக்கும் பிரேக்குதான் பெரும்பாலான வண்டிகளுக்கு இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அந்தக் குடம் கொதித்து, உள்ளிருந்த மசகு உருகிப் புகையாகிவிடும். அடுத்த முறை இறங்குமுன் புதிய மசகை உள்ளே அடைத்தல் வேண்டும். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளில் அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

இதிற் பெரிய வியப்பு ஒன்றுமில்லை. அறிவியல் பாடத்தில் கற்ற கணக்கே இது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு செல்லப் போதுமானது. காற்றும் தரையும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுதும் உள்ளங்கையளவுள்ள குடத்திற்குள் சென்றால் மசகு எவ்வாறு தாங்கும்?

1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் இவ்விளையாட்டிற்கு முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நிகழ்ந்தது. நம் நாட்டிலும் இது வேரூன்றி வருகின்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் நடைபெற்றது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே அமைத்த பாதையில் பல நாட்டு வீரர்கள் போட்டியிட்டனர்.

இவற்றையெல்லாம் கேட்கும் கம்மாபுரத்து மாணவன் ஒருவன், “எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது?” என வினவக்கூடும். வினா நியாயமானதே. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்துள்ள அவ்வூரைச் சுற்றிலும் காண்பது சமவெளி. நெல் விளையும் வயலும் ஏரியும் கரும்புத் தோட்டமுமே கண்ணுக்குத் தெரிவன. மலை காண வேண்டுமாயின் மேற்கே கல்வராயன் மலைக்குச் செல்லல் வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடுகள் குன்றுபோல் தோன்றுவது உண்மையே. ஆயினும் அவை காவலுக்குட்பட்ட இடங்கள். சரிந்து விழும் தன்மையும் உடையவை. அங்கே வண்டியோடு செல்ல நினைப்பதும் தவறு.

மலை இல்லாமை ஒரு குறையன்று. சரிவில் இறங்கும் கலையின் பெரும்பகுதியைச் சமதரையிலேயே கற்றுக்கொள்ள இயலும். அறுவடை முடிந்து காய்ந்த களமோ, பள்ளி விளையாட்டு வெளியோ போதும்.

ஓடும் மிதிவண்டி விழாமல் நிற்பது எதனால்? சுழலும் சக்கரங்களுக்குள்ள பம்பரத் தன்மையே காரணம் என நெடுங்காலம் பலர் கூறி வந்தனர். 2011-ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் டெல்ப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள் அத்தன்மையை நீக்கிய வண்டி ஒன்றைச் செய்து தள்ளிவிட்டனர். ஏறி ஓட்டுவார் இல்லாமலே அது நிமிர்ந்து ஓடியது! வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே முன்சக்கரம் திரும்புதல் வேண்டும் என்பதே அடிப்படை. உள்ளங்கையில் கோலை நிறுத்தி விளையாடும் சிறுவன், கோல் சாயும் பக்கமே கையை நகர்த்துகிறான் அன்றோ? அதனைப் போன்றதே இதுவும். விரைந்து செல்லும்போது வண்டி இவ்வேலையைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும். மெல்லச் செல்லும்போதோ அந்த உதவி குறைந்துவிடும். ஓட்டுவோனே ஒவ்வொரு கணமும் சாய்வை உணர்ந்து திருத்துதல் வேண்டும். ஆதலால் விரைவு நம் குறைகளை மறைக்கின்றது. மெதுவான செலவு அவற்றை வெளிப்படுத்தி விடுகின்றது. முன்னே கூறிய இளைஞன் தோற்றதற்குக் காரணம் இதுவே.

குரங்குப் பெடல் பழகியவர்களுக்கு இது புதிதன்று. உயரமான பெரிய வண்டியில் இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவன், குறுக்குத் தண்டிற்கு அடியிலே காலை நுழைத்து, உடலை ஒரு பக்கமும் வண்டியை மறுபக்கமும் சாய்த்து மிதித்துச் செல்வான். பார்ப்பதற்கு விந்தையாக இருக்கும் அம்முறை, உடலின் எடையும் வண்டியின் எடையும் தனித்தனியே இயங்க வல்லவை என்பதை அவனுக்குக் கற்பித்து விடுகின்றது. மலைச்சரிவில் வளைவு திரும்பும் வீரன் உடலை நிமிர்த்தி வண்டியை மட்டும் சாய்ப்பதும் இவ்வறிவைக் கொண்டே.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இருபது மீட்டர் நீளத்திற்கு இரண்டு கோடுகள் வரைந்து, அவற்றிற்கிடையே ஓட்டுக. நடந்து சென்றால் அத்தொலைவுக்குப் பதினான்கு அல்லது பதினைந்து விநாடி ஆகும். வண்டியில் அதனை இருபது விநாடியில் கடக்கப் பழகிய பின்னர், முப்பது, நாற்பது எனக் காலத்தை நீட்டுக. பின்பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே மிதிக்கும் வித்தை அப்போது தானாகக் கைவரும். அதன்பின் இரண்டு கற்களை நட்டு, அவற்றைச் சுற்றி எட்டு என்னும் எண்ணின் வடிவில் செல்க. கற்களை நாளுக்கு நாள் நெருக்கமாக வைத்தல் வேண்டும்.

இங்கே ஓர் உண்மை புலப்படும். கல்லையே உற்று நோக்குபவன் கல்லின்மீதே மோதுகிறான். கல்லுக்கு அப்பால் செல்ல வேண்டிய வழியை நோக்குபவன் எளிதில் கடந்து செல்கிறான். கண் சென்ற வழியே தலை திரும்பும். தலையின் வழியே தோளும், தோளின் வழியே வண்டியும் திரும்பும். சரிவில் இறங்குவோர் முன்சக்கரத்தை நோக்காமல், பல மீட்டர் முன்னே நோக்குதல் இக்காரணம் பற்றியே. சமதரையில் இப்பழக்கம் வேரூன்றாதவனுக்கு மலையில் அது வாராது. அச்சம் தோன்றும்போது கண் தானாகவே பள்ளத்தை நோக்கும். அதனைத் தடுப்பது பழக்கம் ஒன்றே.

அடுத்த பள்ளி ஏரிக்கரை. தாழ்ந்ததும், அடியில் அகன்ற வெளி உள்ளதும், ஆடு மாடும் மக்களும் செல்லாததுமான சரிவைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நீர்ப்பக்கச் சரிவு ஆகாது. நெடுஞ்சாலையில் போய் முடியும் சரிவு அறவே ஆகாது. பெரியவர் ஒருவர் உடனிருப்பதும், தலைக்கவசம் அணிவதும் இன்றியமையாதன.

இறங்கும்போது இருக்கையில் அமர்ந்திருத்தல் கூடாது. இருக்கையைத் தாழ்த்திவிட்டு, மிதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, அவற்றின்மீது எழுந்து நிற்றல் வேண்டும். முழங்காலும் முழங்கையும் சற்று மடங்கி இருப்பின், மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். விறைப்பாக நிற்பவனை வண்டி உதறித் தள்ளும். சரிவு செங்குத்தாகுந்தோறும் இடுப்பைப் பின்னே கொண்டு சென்று, குதிகாலைத் தாழ்த்துதல் நன்று. எடை முழுதும் காலிலே நிற்க, கை வண்டிக்கு வழிகாட்டும் வேலையை மட்டும் செய்தல் வேண்டும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. ஏனெனில் பல விபத்துகளுக்கு அச்சத்தில் அதனை இறுகப் பற்றுதல் காரணமாகின்றது. வண்டியை நிறுத்த முயலும்போது எடை முன்னோக்கிச் சாய்கின்றது. அதனால் முன்சக்கரம் தரையை இறுகப் பற்ற, பின்சக்கரம் இலேசாகிவிடுகின்றது. நிறுத்தும் ஆற்றல் மிகுதியாக உள்ளது முன்பிரேக்கிலேயே என்பது இதனால் விளங்கும். அதனையே திடீரெனப் பிடித்தால் சரிவில் பின்சக்கரம் மேலெழுந்து, ஓட்டுவோன் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவான். அதற்கு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் அழுத்துவோனுக்கோ, சக்கரம் சுழலாமல் நின்று, சரளைமீது வழுக்கிச் செல்லும், வண்டி நிற்காது. இரண்டையும் ஒருசேர, ஒன்றிரண்டு விரல்களால், படிப்படியாக அழுத்துவதே முறை. எந்தப் பிடி எந்தச் சக்கரத்தைத் தடுக்கின்றது என்பது வண்டிக்கு வண்டி மாறலாம். ஆகவே ஏறுமுன் சோதித்து அறிதல் வேண்டும்.

விரைவு இரு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் சமதரையில் செல்லும் வண்டி 5 மீட்டரில் நிற்குமாயின், 36 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது அதே பிரேக்கிற்கு 20 மீட்டர் தேவைப்படும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவாயின் புவியீர்ப்பும் எதிர்த்து இழுப்பதால் அத்தொலைவு 33 மீட்டர் ஆகிவிடும். கரையின் மேலிருந்து இறங்குபவன் கீழே ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கிடுவதைக் கண்டபின் பிரேக்கைத் தேடினால் என்ன நேரும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. விரைவை மிகவிடாமல் தொடக்கத்திலிருந்தே கட்டுப்படுத்தி வருபவனுக்கு இந்நிலை நேராது. வளைவிலும் இதுவே நெறி. வளைவிற்கு முன்னரே விரைவைக் குறைத்து, வெளிப்பக்க மிதியைத் தாழ்த்தி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் நிறுத்தித் திரும்புதல் வேண்டும். வளைந்து கொண்டிருக்கும்போது பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

மேல்நிலைப் பள்ளி மாணவர்க்குத் தமிழ்நாட்டு அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டி பள்ளிக்குச் சென்று வரவும் இத்தகைய பயிற்சிக்கும் ஏற்றது. மேட்டிலிருந்து தாவிக் குதிப்பதற்கு அது செய்யப்பட்டதன்று. மலைச்சரிவு வண்டிகளுக்கு முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கிகளும் அகன்ற டயர்களும் வட்டுப் பிரேக்குகளும் உண்டு. சாதாரண வண்டியைத் தாவவிட்டால் முன்கவை வளையும், முறியவும் கூடும். பிரேக்கின் இரப்பர்க் கட்டை தேய்ந்துள்ளதா, சக்கர விளிம்பில் எண்ணெய் படிந்துள்ளதா, கைப்பிடித் திருகு இறுகியுள்ளதா என்பவற்றைப் பயிற்சிக்கு முன் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மழை நாளில் நனைந்த விளிம்பு பிரேக்கிற்கு எளிதில் கட்டுப்படாது என்பதையும் நினைவிற் கொள்க.

போட்டிகளுக்கு வரும் வீரர்கள் வந்தவுடன் வண்டியில் ஏறிப் பாய்வதில்லை. பாதை முழுவதையும் முதலில் நடந்து பார்ப்பர். எந்தக் கல் ஆடுகின்றது, எந்த வேர் ஈரமாக உள்ளது, எவ்விடத்தில் பிரேக்கை விடலாம், எவ்விடத்தில் பிடிக்கலாம் என்பனவற்றை அறிந்த பின்னரே இறங்குவர். ஏரிக்கரைச் சரிவிற்கும் அம்முறையே பொருந்தும். முதலில் வண்டியைக் கையால் உருட்டிக்கொண்டு இறங்குக. பின்னர்ப் பாதி உயரத்திலிருந்து, இரு பிரேக்குகளையும் பிடித்தவாறு, நடையினும் மெதுவாக வருக. நடுவில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே நின்று காட்டுக. பத்து முறை இறங்கிப் பத்து முறையும் குறித்த இடத்திலேயே நிற்க முடிந்தால், மறுநாள் கரையின் மேலிருந்து புறப்படலாம்.