எக்ஸெல்: எண் 044 என்று தொடங்குகிறதா?

கல்யாண அழைப்புக்காக முகவரிப் பட்டியலை எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஏ நெட்டு வரிசையில் தொலைபேசி எண்கள், பி வரிசையில் பெயர்கள். சென்னைக்காரர்களை மட்டும் பிரிக்க வேண்டும். காலியாக உள்ள சி2 செல்லில் கீழ்க்கண்டவாறு டைப் செய்து என்டர் தட்டுங்கள். (லெப்ட், ஏ இரண்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.)

=லெப்ட்(ஏ2,3)="044"

லெப்ட் என்பது இடப்பக்கமிருந்து நாம் கேட்கும் அளவுக்கு எழுத்துகளை எடுத்துத் தரும் பங்ஷன். இங்கே மூன்று. அவை 044 ஆக இருந்தால் ட்ரூ என்று வரும், இல்லாவிட்டால் பால்ஸ். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் பட்டியல் முழுக்கச் சோதித்துவிடலாம். மதுரைக்கு 0452 என்று மாற்றும்போது 3ஐயும் 4 ஆக்குங்கள். மறந்தால் எல்லாமே பால்ஸ்தான்.

எண்ணின் நடுவே வரும் 044ஐ இந்த பார்முலா கண்டுகொள்ளாது. சாதாரணத் தேடலில் அதுவும் சிக்கிக்கொள்ளும்.

இப்போது விடையைச் சரிபாருங்கள். சென்னை எண் என்று உங்களுக்கே தெரிந்த ஒன்றுக்குப் பால்ஸ் வந்திருக்கிறதா? அங்கே பூஜ்யம் காணாமல் போயிருக்கும். வெறும் இலக்கங்களை டைப் செய்தால் எக்ஸெல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். அப்புறம் முதல் மூன்று எழுத்து 442 என்றோ 443 என்றோதான் இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது; ஒரு பெரியப்பாவுக்கு அழைப்பு போகாது, அவ்வளவுதான். செல்லில் வலப்பக்கம் ஒட்டி நிற்பவை எண்கள், இடப்பக்கம் நிற்பவை டெக்ஸ்ட் என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்.

புதிதாக டைப் செய்பவர்கள் முதலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு எண்ணைத் தொடருங்கள். பூஜ்யம் தங்கும். ஏற்கெனவே போனவற்றுக்கு இந்த பார்முலா:

=லெப்ட்(டெக்ஸ்ட்(ஏ2,"00000000000"),3)="044"

ஊர்க் குறியீட்டோடு சேர்த்து 11 இலக்கம் என்பதால் 11 பூஜ்யங்கள்.

பெயர்களுக்கும் இதே வழிதான். ஆனால் யுனிகோடில் டைப் செய்த தமிழ்ப் பெயர் "க" என்று தொடங்குகிறதா என்று கேட்டால் கமலாவோடு காந்திமதியும் கோபாலும் வந்து நிற்பார்கள். "கா" நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கோ "க" ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு. "கோ"வில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே முதலில் பதிவாவது "க"தான். ஆகவே காந்திமதியை மட்டும் பிடிக்க 1 போதாது. 2 கொடுத்து "கா" என்று கேளுங்கள்.